எங்கடை ஆக்களை நாங்களே பார்ப்பமா?
நோபல் பார்க் தமிழ் முதியோரும் அரசின் வீட்டுப் பராமரிப்புத் தகுதி விதிகளும்

1. கேள்வி

மெல்பேர்னின் தென்கிழக்கே, பாக்கன்ஹாம் ரயிலும் கிரான்பேர்ன் ரயிலும் ஒரே தண்டவாளத்தில் போகும் பகுதியில் இருக்கிறது நோபல் பார்க். கிரேட்டர் டான்டினோங் மாநகரசபைக்குள் வரும் இவ்வூரில் 2021 குடிசன மதிப்பீட்டின்படி 32,000 பேருக்கு மேல் வாழ்கிறார்கள். வியட்நாமியர், கம்போடியர், இந்தியர், இலங்கையர் என்று பல நாட்டவரும் குடியேறிய இடம். 1983க்குப் பின் அவுஸ்திரேலியா வந்த ஈழத்தமிழர் பலர் டான்டினோங்கைச் சுற்றியே வீடு வாங்கினார்கள். கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோவில் கார் ஓடும் தூரத்தில் இருந்ததும், தொழிற்சாலை வேலைகள் பக்கத்தில் இருந்ததும் அதற்குக் காரணங்கள். அன்று முப்பது வயதில் வந்தவர்களுக்கு இன்று எழுபது கடந்துவிட்டது. அவர்கள் பின்னர் அழைத்துக்கொண்ட பெற்றோருக்குத் தொண்ணூறை அண்டுகிறது.

அரசு செலவழிக்கும் வீட்டுப் பராமரிப்பைப் பற்றி இங்கே பேச்செடுத்தால் இரண்டு தரப்பிலிருந்தும் ஏறக்குறைய ஒரே பதில் வரும். "எங்கடை ஆக்களை நாங்களே பார்ப்பம்" என்பது குடும்பத்தின் பெருமை. "அந்தச் சமூகங்களில் குடும்பமே பார்த்துக்கொள்ளும்" என்பது சேவை அமைப்புகளின் சமாதானம். இருவரும் ஒத்துப்போகும் ஒரு விளக்கத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதுதான் முறை. அரசுச் சேவையை நம்மவர் பயன்படுத்தாதபோது அது பண்பாட்டின் தெரிவா, விதிகளின் விளைவா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. விடையின் பெரும்பகுதி விதிகளுக்குள்தான் இருக்கிறது என்பது என் வாதம். குறிப்பாக, குடும்பம் செய்யும் வேலையை விதிகள் எப்படிக் கணக்கில் எடுக்கின்றன, எங்கே எடுக்காமல் விடுகின்றன என்பதில் இருக்கிறது.

2. விதிகள் வந்த வழி

வீட்டு உதவியைப் பொதுச் செலவில் தரும் முறை 1985இல் 'வீட்டு, சமூகப் பராமரிப்பு' திட்டத்தோடு நாடளாவிய வடிவம் பெற்றது. விக்டோரியாவில் அதை முன்னின்று நடத்தியவை மாநகரசபைகள். வீடு கூட்ட, சாப்பாடு கொண்டுவர, முதியவரைக் கூட்டமொன்றுக்கு ஏற்றி இறக்க என்று சபை ஊழியர்களே வந்தார்கள். 2015இல் இதன் இடத்தில் பொதுநலவாய வீட்டு ஆதரவுத் திட்டம் வந்தது. விக்டோரியா 2016 ஜூலையில் அதில் சேர்ந்தது. அதன் பின் பல சபைகள் இந்தச் சேவையிலிருந்தே விலகின. முகம் தெரிந்த சபை அலுவலகக் கதவு மூடப்பட்டு, 'மை ஏஜ்ட் கெயார்' என்ற தொலைபேசி எண்ணும் இணையதளமும் ஒரே வாசலாயின.

கூடுதல் தேவையுள்ளவர்களுக்கு 1997ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் நான்கு மட்டங்களில் 'வீட்டுப் பராமரிப்புப் பொதி' இருந்தது. 2017 பெப்ரவரியில் பொதி நிறுவனத்தின் கையிலிருந்து முதியவரின் பெயருக்கு மாறியது. நாடு முழுவதற்கும் ஒரே வரிசையும் வந்தது. அந்த வரிசை எவ்வளவு நீளமானது என்பதை முதியோர் பராமரிப்பு பற்றிய அரச ஆணைக்குழு 2019இல் 'புறக்கணிப்பு' என்று பெயரிட்ட இடைக்கால அறிக்கையில் சொன்னது: 2017-18இல் மட்டும் பொதிக்காகக் காத்திருந்தபடியே 16,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 2021 மார்ச்சில் வந்த இறுதி அறிக்கை 148 பரிந்துரைகளை முன்வைத்தது. அவற்றிலிருந்து பிறந்த புதிய சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 ஜூலையில் தொடங்க வேண்டியது நான்கு மாதம் தள்ளிப்போய், 2025 நவம்பர் 1இல் அமலுக்கு வந்தது. நான்கு மட்டப் பொதி போய், எட்டு வகுப்புகள் கொண்ட 'சப்போர்ட் அட் ஹோம்' வந்தது. வசதிக்காக அதையும் 'பொதி' என்றே இங்கே சொல்கிறேன். தொடங்கியபோது முதல் வகுப்புக்கு ஆண்டுக்குச் சுமார் 10,700 டொலர். எட்டாம் வகுப்புக்குச் சுமார் 78,100 டொலர்.

வரிசை மட்டும் போகவில்லை. 2025 மார்ச் முடிவில் பொதி கிடைக்கும் என்று முடிவாகியும் கைக்கு வராமல் 87,000 பேருக்கு மேல் காத்திருந்தார்கள். மதிப்பீட்டுக்கே காத்திருந்தவர்கள் அதற்கு வெளியே. செனட் அவையின் அழுத்தத்தில் 2025 ஒக்டோபர் முடிவதற்குள் 20,000 இடங்கள் திறந்துவிடப்பட்டன. 2027 ஜூலைக்குள் சராசரிக் காத்திருப்பை மூன்று மாதமாக்குவது அரசின் வாக்குறுதி. எனவே வீட்டுக்கு உதவி வராத ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்தையும் 'வேண்டாம் என்றவர்கள்' பட்டியலில் போட்டுவிட முடியாது. வரிசையில் நின்று களைத்தவர்களும் அதற்குள் இருக்கிறார்கள்.

3. யாருக்குத் தகுதி

காகிதத்தில் தகுதி எளிமையானது. 65 வயது நிரம்பியிருக்க வேண்டும். பூர்வகுடி மக்களுக்கும், வீடிழந்தவர் அல்லது இழக்கும் நிலையில் இருப்பவருக்கும் 50. அன்றாட வாழ்வுக்கு உதவி தேவை என்பது மதிப்பீட்டில் தெரிய வேண்டும். அவ்வளவுதான். வருமானமும் சொத்தும் ஒருவர் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தீர்மானிக்குமே தவிர, சேவை உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்காது.

இந்த இடத்திலேயே ஊர்ப்பேச்சு விதியை மாற்றி எழுதிவிடுகிறது. பொதி எடுத்தால் ஓய்வூதியம் வெட்டுப்படும் என்கிறார்கள். வெட்டுப்படாது, பொதி வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. அரசாங்கம் வீட்டை எழுதி வாங்கிவிடும் என்கிறார்கள். குடியிருக்கும் வீடு வீட்டுப் பராமரிப்புக்கான சொத்துக் கணக்கில் வருவதே இல்லை. முதியோர் விடுதிக்குரிய விதிகளும் வீட்டுப் பராமரிப்பு விதிகளும் ஒன்றோடொன்று குழம்பியதால் வந்த பயம் இது. பிள்ளை பராமரிப்பாளர் உதவித்தொகை வாங்கினால் தாய்க்குப் பொதி கிடையாது என்பது இன்னொன்று. இரண்டும் ஒருங்கே இருக்கலாம். பிறந்தநாள் வீட்டில் ஒருவர் உறுதியாகச் சொல்லும் தவறான தகவலுக்கு முன்னால் அரசுத் திணைக்களத்தின் துண்டுப்பிரசுரம் எடுபடாது என்பது அனுபவம்.

4. மதிப்பீடு: உண்மை நழுவும் இடம்

தகுதியைத் தீர்மானிக்கும் பேச்சு பெரும்பாலும் வீட்டிலேயே நடக்கிறது. 2024 ஜூலையிலிருந்து ஒருங்கிணைந்த மதிப்பீட்டுப் படிவம் ஒன்று பயன்பாட்டில் இருக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் முன்பு தனித்தனியாக இருந்த மதிப்பீட்டு அணிகள் ஒரே அமைப்பாக்கப்பட்டன. மதிப்பீட்டாளர் கேட்கும் கேள்விகளின் முதுகெலும்பு பழையதுதான். நடக்க முடியாத தூரத்துக்குப் போய்வர முடியுமா, வீட்டுவேலை செய்ய முடியுமா, கடைக்குப் போக முடியுமா, மருந்தைத் தானே எடுக்க முடியுமா, காசைக் கையாள முடியுமா, நடக்க முடியுமா, குளிக்க முடியுமா? ஒவ்வொன்றுக்கும் உதவியின்றி முடியும், கொஞ்சம் உதவியோடு முடியும், அறவே முடியாது என்று மூன்று பதில்கள்.

நோபல் பார்க்கில் மகன் வீட்டில் வாழும் 82 வயது ஆச்சி ஒருவரை இந்தக் கேள்விகளின் முன் இருத்திப் பார்க்கலாம். இது ஓர் ஆளின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதன் சாரம். "குளிக்கிறீங்களா அம்மா?" என்றால் "ஓம், குளிப்பன்" என்பார். மருமகள் முதலிலேயே தண்ணீரைச் சூடு பார்த்து விட்டிருப்பதும், கதிரையை உள்ளே வைத்திருப்பதும், கதவுக்கு வெளியே நிற்பதும் அந்தப் பதிலில் இல்லை. "சமையல்?" "பரவாயில்லை பிள்ளை, ஏலுமான மட்டும் செய்யிறன்." ஏலுமானது கறிவேப்பிலை உருவிக் கொடுப்பது மட்டும் என்பதை யாரும் எழுதுவதில்லை. "காசு?" அவர் கையில் காசே இருந்ததில்லை. முதலில் கணவரும் பின்னர் மகனும் பார்த்துக்கொண்டார்கள். "கடைக்குப் போவீங்களா?" ஊரிலும் சந்தைக்குப் போனவர் கணவர்தான். செய்ய முடியாமல் போனதையும் ஒருபோதும் செய்யாமல் இருந்ததையும் படிவம் பிரித்தறியாது. பிரித்தறியும் பொறுப்பு மதிப்பீட்டாளருடையது. அவரிடம் இருப்பது ஒன்றரை மணி நேரமும் தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரும்.

வந்த விருந்தாளியிடம் தன் இயலாமையை வரிசையாக அடுக்குவது நம் முதியோருக்குப் பழக்கமில்லாத செயல். அதுவும் மகனுக்கு முன்னால், "என்னைக் குளிப்பாட்ட ஆள் வேணும்" என்று சொன்னால் மகன் பார்க்கவில்லை என்று பொருள்படும். மகனும் அதே கணக்கில், "அம்மா நல்லாத்தான் இருக்கிறா, நாங்கள் இருக்கிறம்தானே" என்று முடிப்பார். மருமகள் அந்நேரம் வேலையில் இருப்பார். பல வீடுகளில் அந்த வேலையே முதியோர் விடுதியில் பராமரிப்பாளர் வேலை. மாமியாரின் நிலையைப் படிவத்தின் மொழியில் துல்லியமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தச் சந்திப்பில் இல்லை.

இதன் விளைவு முன்னைவிட இப்போது கனதியானது. புதிய முறையில் படிவத்தின் விடைகளைக் கொண்டு வகுப்பைத் தீர்மானிப்பது கணினிச் சூத்திரம். மதிப்பீட்டாளர் தன் அனுபவத்தைக் கொண்டு அந்த முடிவைத் திருத்த முதலில் வழி வைக்கப்படவில்லை. மதிப்பீட்டாளர்களும் முதியோர் அமைப்புகளும் இதைக் கடுமையாக விமர்சித்தார்கள். பழைய முறையில் அனுபவமுள்ள ஒருவர் "இவர் சொல்வதைவிடத் தேவை கூட" என்று ஊகித்துத் திருத்தலாம். சூத்திரம் ஊகிக்காது. 'பரவாயில்லை' என்ற பதிலை அது அப்படியே எடுத்துக்கொள்ளும். முடிவை மீளாய்வு செய்யக் கேட்கலாம், அதிலும் திருப்தியில்லை என்றால் நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயம் வரை போகலாம். ஆங்கிலத்தில் கடிதம் எழுதி அரசோடு வாதாடும் வேலையை எடுத்துச் செய்ய எத்தனை குடும்பங்களுக்கு நேரமிருக்கும்?

நினைவாற்றலைச் சோதிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. பல பண்பாட்டு மக்களுக்கும் பொருந்த வேண்டும் என்றே சிட்னியில் உருவாக்கி 2004இல் வெளியிட்ட 'ரூடாஸ்' சோதனை உலகெங்கும் மதிக்கப்படுவது. படிப்பறிவையும் மொழியையும் கூடியவரை சாராமல் 30 புள்ளிகளுக்கு மதிப்பிடுவது. அதில் கடைப்பட்டியல் ஒன்றை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும்: தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம். நல்லூர்ச் சைவ வீட்டு ஆச்சி ஒருவர் முட்டையை மட்டும் விட்டுவிட்டால் அதை மறதி என்று எழுதுவதா, ஆசாரம் என்று எழுதுவதா? சிறிய பகடிதான். ஆனாலும் மிகுந்த அக்கறையோடு செய்த கருவியிலும் ஒரு வீட்டின் வாசனை ஒட்டிக்கொள்கிறது என்பதை அது காட்டுகிறது.

மொழிபெயர்ப்பாளர் வந்தால் எல்லாம் தீர்ந்தது என்பதும் உண்மையல்ல. தொலைபேசியின் மறுமுனையில் தமிழ்நாட்டுக்காரர் இருந்தால் யாழ்ப்பாணத்து ஆச்சிக்குப் பாதிப் பேச்சு புரியாது. உள்ளூர் ஈழத்தமிழராக இருந்தால், இன்றைக்குச் சொன்னது நாளைக்குக் கோவிலில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி வாயைக் கட்டிக்கொள்வார். போரைக் கடந்து வந்தவர்களுக்குக் கையில் படிவத்தோடு கேள்வி கேட்கும் அதிகாரி என்றாலே உடல் இறுகிவிடும். சித்திரவதையிலிருந்து தப்பியவர்களுக்குச் சிகிச்சை தரும் ஃபவுண்டேஷன் ஹவுஸ் டான்டினோங்கில் இயங்குவதற்குக் காரணமான அதே வரலாறு, மதிப்பீடு நடக்கும் சமையலறை மேசையிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

5. விசா, ஓய்வூதியம், ஊரில் ஒரு வீடு

முதியோரை ஒரே கூட்டமாகப் பார்ப்பது ஆய்வுகளில் அடிக்கடி நேரும் பிழை. நோபல் பார்க் வட்டாரத்தில் குறைந்தது மூன்று வகைத் தமிழ் முதியோரைக் காணலாம். விதி மூவரையும் மூன்று விதமாகத் தொடுகிறது.

முதலாமவர் இங்கேயே உழைத்து மூத்தவர். ஓய்வூதியமோ சுப்பரனுவேஷன் சேமிப்போ இருக்கும். ஆங்கிலம் தெரியும். இரண்டாமவர் அகதியாக வந்தவர். முதியோர் ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு வசிப்பு வேண்டும் என்ற விதியிலிருந்து அகதிகளுக்கு விலக்கு உண்டு. மூன்றாமவர் பிள்ளைகள் அழைத்துக்கொண்ட பெற்றோர். சட்டம் மிக வினோதமாக நடந்துகொள்வது இவர்களிடம்தான்.

பங்களிப்புப் பெற்றோர் விசாவுக்கு ஆளுக்கு 40,000 டொலருக்கு மேல் கட்ட வேண்டும். அதோடு பிள்ளை பத்தாண்டுக்கு ஆதரவு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, வங்கியில் பிணைப்பணமும் வைக்க வேண்டும். பெற்றோர் குறிப்பிட்ட சில அரசு உதவித்தொகைகளை வாங்கினால் பிள்ளை அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். இந்தியா 2007இலும் இலங்கை 2000இலும் பெற்றோரைப் பேணுவதைப் பிள்ளைகளின் சட்டக் கடமையாக்கின. அவுஸ்திரேலியா அப்படியொரு பொதுச் சட்டம் செய்யவில்லை. இந்நாட்டில் பிறந்தவருக்குப் பெற்றோரைப் பேணும் சட்டக் கடமை இல்லை. குடியேறியவருக்கு மட்டும், குடிவரவுச் சட்டத்தின் பின்கதவால், அது வந்துவிடுகிறது. 'எங்கடை ஆக்களை நாங்களே பார்ப்பம்' என்று நாம் பண்பாடாகச் சொல்வதில் ஒரு பங்கு, நாம் கையெழுத்திட்டுக் கொடுத்த பத்திரம்.

இங்கே கவனிக்க வேண்டியது: அந்த உறுதிப் பத்திரம் உதவித்தொகைகளைத்தான் கட்டுப்படுத்துகிறது. வீட்டுப் பராமரிப்புச் சேவை அந்தப் பட்டியலில் இல்லை. பொதி எடுத்தால் பிள்ளை திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்ற பயத்தில் பத்தாண்டும் கேட்காமலே இருக்கும் குடும்பங்கள் தேவையில்லாமல் காத்திருக்கின்றன. பழைய பொதித் திட்டத்தின் கையேடு, குடியுரிமையோ வசிப்புரிமையோ நிபந்தனையல்ல, ஆனால் சுற்றுலா வருவோருக்கான திட்டமல்ல என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. புதிய சட்டத்தின் தகுதியும் வயதையும் தேவையையும் சுற்றித்தான் நிற்கிறது.

நடைமுறை வேறு. பங்களிப்பில்லாத முதிய பெற்றோர் விசாவுக்கு 30 ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும் என்று குடிவரவுக்குப் பொறுப்பான திணைக்களமே சொல்கிறது. இடைக்கால விசாவில் இருக்கும் அந்தப் பெற்றோருக்கு 'மெடிகேர்' எனும் அரசு மருத்துவக் காப்பீடு கிடையாது. மை ஏஜ்ட் கெயார் இணையப் படிவமோ மெடிகேர் அட்டையைக் கேட்கிறது. 2019இல் வந்த தற்காலிகப் பெற்றோர் விசாவில் வருபவர்கள் தனியார் காப்புறுதியோடு கூடிப்போனால் பத்தாண்டு இருக்கலாம். அதன் பின் போய்விட வேண்டும். இவர்கள் தொலைபேசியை எடுப்பதே இல்லை. யாரும் இவர்களை நிராகரிக்க வேண்டிய அவசியமே வருவதில்லை.

சேவை கிடைத்தாலும் கட்டணம் இதே கோட்டில் பிரிகிறது. புதிய முறையில் தாதிமை போன்ற மருத்துவப் பராமரிப்புக்கு யாரும் எதுவும் கட்ட வேண்டாம். குளிக்கவைத்தல் போன்ற சுயாதீன உதவிகளுக்கு முழு ஓய்வூதியக்காரர் 5 வீதம், ஓய்வூதியமே இல்லாத வசதியுள்ளவர் 50 வீதம். வீடு கூட்டுதல், சமையல், தோட்டம் போன்ற அன்றாட உதவிகளுக்கு 17.5 வீதம் முதல் 80 வீதம் வரை. கணக்குக்கு ஒரு மணிநேரச் சேவை 100 டொலர் என்று வைத்துக்கொள்வோம். அகதியாக வந்து ஓய்வூதியம் பெறும் ஆச்சி, குளிக்க உதவிக்கு 5 டொலரும் வீடு கூட்ட 17.50 டொலரும் கட்டுவார். பங்களிப்பு விசாவில் வந்து ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டு காத்திருக்கும் ஆச்சி, தன் வருமானத்தையும் சொத்தையும் 'சர்வீசஸ் அவுஸ்திரேலியா' எனும் அரசு நிறுவனத்துக்குத் தனியே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதிகபட்ச வீதம்: 50 டொலரும் 80 டொலரும். அந்தப் படிவம் நிரப்பப்படாமல் இழுப்பறையில் கிடந்ததற்கு விலை இது. குளிப்பது மருத்துவமல்ல, 'சுயாதீனம்' என்று வகுத்ததையே பலர் எதிர்க்கிறார்கள். எழுந்து நிற்க முடியாதவரைக் குளிப்பாட்டுவதில் தாதிமை எங்கே முடிகிறது, உதவி எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

சொத்துக் கணக்கில் இன்னொரு முடிச்சும் உண்டு. இங்கே குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு. வெளிநாட்டில் இருக்கும் வீடும் காணியும் கணக்கில் வரும். யாழ்ப்பாணத்தில் சீதனமாக வந்த வீட்டில் சகோதரிக்குப் பாதிப் பங்கு இருக்கலாம். உறுதி போரில் தொலைந்திருக்கலாம். வலிகாமம் வடக்கில் இராணுவம் பல்லாண்டு காலம் வைத்திருந்த காணிகளுக்குச் சந்தைப் பெறுமதி எப்படி எழுதுவது? விற்க முடியாத சொத்துக்குக் கடின நிலை விலக்குக் கேட்க சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்பதற்கோ அந்தக் காணியின் கதையை ஆவணங்களோடு ஆங்கிலத்தில் நிறுவ வேண்டும். ஊர்க் காணியைச் சொல்லாமல் மறைத்தால் பொய்க் கூற்று. சொன்னால் கட்டணம் ஏறலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று, 'இந்தத் தொல்லையே வேண்டாம்' என்று பொதியையே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அதுவும் பண்பாடாகத் தெரியும்.

6. கிடைத்த பின்

ஒதுக்கீட்டுக் கடிதம் வந்த நாளிலிருந்து 56 நாளுக்குள் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்ய வேண்டும். கேட்டால் இன்னும் 28 நாள் தருவார்கள். அதற்குள் செய்யாவிட்டால் இடம் போய்விடும். கடிதம் ஆங்கிலத்தில், ஆச்சியின் பெயருக்கு வரும். நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் வேலை. பட்டியலில் பல பெயர்கள் இருக்கும். தமிழ் பேசும் பராமரிப்பாளர் அவற்றில் எங்கே இருக்கிறார் என்பது பட்டியலில் இருக்காது.

அப்படி ஒருவர் வீட்டிலேயே இருந்தாலும் ஒரு விதி முடிச்சுப் போட்டிருக்கிறது. கிராமப்புறம் போன்ற விதிவிலக்கான சூழல்கள் தவிர, பொதிப் பணத்தில் சொந்தக் குடும்பத்தவருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. மோசடியைத் தடுக்க அப்படி ஒரு விதி தேவை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் விளைவைப் பார்க்க வேண்டும். சான்றிதழ் பெற்ற மருமகள் மற்றவர்களின் தாய்மாரைக் குளிப்பாட்டச் சம்பளம் பெறுகிறார். வீட்டுக்கு வந்து மாமியாரைக் குளிப்பாட்டும்போது அது கணக்கில் இல்லாத உழைப்பு. அதைக் கணக்கில் எடுக்கும் வழியாக அரசு வைத்திருப்பது பராமரிப்பாளர் உதவித்தொகைகளை. புதிதாகக் குடியேறியவருக்கு அங்கும் காத்திருப்புக் காலம் குறுக்கே நிற்கும்.

பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்பதில் விதி நினைத்ததைவிடத் தாராளமானது. கோவிலுக்கோ முதியோர் சங்கத்துக்கோ துணையாக ஒருவர் கூட்டிப்போவது சமூக ஆதரவு என்ற தலைப்பில் வரும். பண்பாட்டு ஆதரவு என்றே சேவைப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. சமைத்துத் தரும் கூலியும் கொண்டுவரும் செலவும் பொதியிலிருந்து போகலாம். அரிசி, மரக்கறி வாங்கும் காசு போகாது. குளியலறையில் பிடிகம்பி, வாசலில் சரிவுப்பாதை போன்றவற்றுக்கு 15,000 டொலர் வரை செல்லும் தனி நிதியும் உண்டு. எடுத்துச் சொல்ல ஆள் இருந்தால் பெரும்பாலான வீடுகள் முதலில் கேட்பது இதைத்தான். ஆளை உள்ளே விடத் தயங்கும் வீடும் கம்பியை உள்ளே விடும்.

ஒதுக்கீடு காலாண்டுக்குக் காலாண்டு வருகிறது. மிச்சத்தில் 1,000 டொலர் அல்லது பத்து வீதம், இதில் எது அதிகமோ அதை மட்டுமே அடுத்த காலாண்டுக்குக் கொண்டுபோகலாம். பழைய பொதியில் சேமித்து வைக்க முடிந்தது. நம்மவரின் வாழ்க்கை காலாண்டுக் கணக்கில் ஓடுவதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு என்று ஊருக்குப் போனால் மூன்று மாதம். சிட்னியில் மகள் வீட்டில் பேரப்பிள்ளை பிறந்தால் இன்னும் மூன்று. இந்த இடைவெளிகளில் செலவாகாத தொகை, 'பயன்படுத்தவில்லை' என்று புள்ளிவிவரத்தில் ஏறுகிறது.

7. பண்பாட்டு விளக்கத்தின் எல்லை

அப்படியானால் பண்பாட்டுக்கு இடமே இல்லையா? இருக்கிறது. வேற்றாள் தாயைத் தொட்டுக் குளிப்பாட்டுவதில் கூச்சம் உண்டு. 'பிள்ளைகள் இருந்தும் ஆள் வைச்சிருக்கினம்' என்ற ஊர்ப்பேச்சுக்குப் பயம் உண்டு. இவற்றை மறுத்து, எல்லாம் விதிகளின் பிழை என்று எழுதுவதும் ஒரு சோம்பல்தான். ஆனால் பண்பாட்டு விளக்கம் மட்டுமே சரியென்றால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் விடுதியிலும் வீட்டிலும் அரசுச் சேவையை ஒரே அளவில் தவிர்க்க வேண்டும். தேசியப் புள்ளிவிவரம் அப்படிச் சொல்லவில்லை. ஆங்கிலம் பேசாத நாடுகளில் பிறந்தோரின் பங்கு விடுதிகளைவிட வீட்டுப் பராமரிப்பில் அதிகம். அரசின் உதவியைத் தவிர்ப்பது அவர்களின் நோக்கமல்ல, வீட்டை விட்டுப் போகாமலிருப்பதே நோக்கம் என்று இதைப் படிக்கலாம்.

இந்தச் சான்றுக்கும் எல்லை உண்டு. அந்த எண்ணிக்கையில் கணிசமான பங்கு, இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்து முன்பே மூத்துவிட்ட கிரேக்கரும் இத்தாலியரும். அவர்களுக்கு மெல்பேர்னில் ஃப்ரொண்டிதா, கோ-ஆஸ்-இட் போன்ற சொந்த அமைப்புகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. குடும்பப் பாசத்தில் கிரேக்கத் தாய்மார் நம்மவர்களுக்குக் குறைந்தவர்களல்ல. அவர்கள் சேவையை எடுத்தது பாசம் குறைந்ததால் அல்ல, தங்கள் மொழியில் கதவைத் தட்டி வந்து படிவத்தை நிரப்பித் தர ஆள் இருந்ததால். 2021இல் நாடு முழுவதும் வீட்டில் தமிழ் பேசியவர்கள் 95,000 பேருக்கு மேல். ஆனால் அவர்களில் பெரும்பகுதி இளையவர்கள். தமிழரின் முதுமை இப்போதுதான் எண்ணிக்கையில் ஏறத் தொடங்குகிறது. எனவே இன்றைய குறைந்த பயன்பாட்டை நிலையான பண்பாட்டுக் குணமாக எழுதிவைப்பது காலம் கருதாத முடிவு.

2023 ஜனவரி முதல் இயங்கும் 'கெயார் ஃபைண்டர்' சேவை, துணைக்கு யாருமில்லாத முதியவருக்குத் தகுதி மதிப்பீடு முதல் நிறுவனம் தெரிவது வரை கூட வந்து உதவுவது. நல்ல ஏற்பாடு. அதன் இலக்கு துணையற்றவர். மகன் வீட்டில் வாழும் ஆச்சி அதன் வரையறைக்குள் பெரும்பாலும் வரமாட்டார். அவருக்குத் துணை இருப்பதாகக் கணக்கு. அந்தத் துணை காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போய் மாலை ஐந்துக்கு வரும் என்பது வரையறையில் இல்லை.

அடுத்து வரவிருக்கும் மாற்றம் இதைவிடக் கூர்ந்து பார்க்க வேண்டியது. வாராந்த முதியோர் கூட்டங்களுக்கும் அங்கே போய்வரும் வாகனத்துக்கும் இன்று மானியம் தருவது, குறைந்த தேவையுள்ளவர்களுக்கான பொதுநலவாய வீட்டு ஆதரவுத் திட்டம். அந்த மானியம் அமைப்புக்கு மொத்தமாகப் போகிறது. வருகிறவர் யாருடைய பொதியிலிருந்து வருகிறார் என்று வாசலில் கேட்பதில்லை. இந்தத் திட்டம் 2027 ஜூலைக்கு முன்பல்லாமல் சப்போர்ட் அட் ஹோமுக்குள் சேர்க்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. அப்போது மொத்த மானியம் தனித்தனி ஆளின் ஒதுக்கீடாக உடைந்தால், ஒரு சிறிய முதியோர் சங்கம் ஒவ்வொரு அங்கத்தவருக்கும் தனிப் பற்றுச்சீட்டு எழுத வேண்டிவரும். மதிப்பீடு முடிக்காதவரும், இடைக்கால விசாவில் இருப்பவரும் அந்த அறையில் எந்தக் கணக்கில் உட்காருவார்கள் என்று இப்போதே கேட்க வேண்டும். பொதி பற்றிய சரியான தகவல் தமிழில் கைமாறும் இடங்களில் முக்கியமானது அந்த அறைதான்.